ஏழு பேர்ச்சில் வீடு: மலசலகூடக் குழிக்கும் அனுமதி வேண்டும்

புதிய காணி கிடைத்ததும் இடம்பெயர்ந்த எமது குடும்பங்கள் முதலில் பேசுவது அத்திவாரத்தையும் கூரைத் தகட்டையும் பற்றித்தான். மலசலகூடக் குழி கடைசியாகவே நினைவுக்கு வருகிறது. "பின்பக்கம் ஒரு குழி வெட்டினால் போச்சு" என்பார்கள். விரிந்த சமவெளிக் காணியில் அது ஒருவேளை சரிவரும். மலைச்சரிவில் 7 பேர்ச்சில் சரிவராது.

7 பேர்ச் என்பது ஏறத்தாழ 177 சதுர மீற்றர். இந்திய வீடமைப்புத் திட்டத்தின் 550 சதுர அடி வீட்டைக் கட்டிய பின், மிஞ்சும் நிலத்தில் நடைபாதை, கான், மரக்கறிப் பாத்தி எல்லாம் அடங்க வேண்டும். மேல் வரிசை வீட்டின் குழி உங்கள் தலைக்கு மேலே இருக்கும். உங்கள் குழி கீழ் வீட்டாரின் பீலிக்கு மேலே இருக்கும். எங்கே தோண்டுவது என்பது உங்கள் வீட்டு விடயம் மட்டுமல்ல.

தொட்டியில் கசடு அடியில் தங்குகிறது. தெளிந்த நீர் உறிஞ்சுகுழிக்குச் சென்று மண்ணில் இறங்குகிறது. மண் எவ்வளவு நீரை உறிஞ்சும் என்று முன்கூட்டியே சோதித்துப் பார்க்க வேண்டும். கற்பாறை மேலிருந்தால் நீர் வெளியே கசியும். சரிவான மண்ணில் இடம் பாராமல் நீரை இறக்கினால் மண் நனைந்து பாரமேறி இளகும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையிலும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போதும் மலை சரிந்ததை அறிந்த எமக்கு இதை விளக்கத் தேவையில்லை. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டுவதற்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையைக் கேட்பதும், பொறியியலாளர் வரைந்த திட்டத்தைக் கேட்பதும் இதனால்தான்.

இனிக் கட்டணத்துக்கு வருவோம். நுவரெலியாவில் மாநகர சபையும், ஹட்டன்–டிக்கோயாவிலும் தலவாக்கலை–லிந்துலவிலும் நகர சபைகளும் உள்ளன. தோட்டங்களோ பெரும்பாலும் பிரதேச சபைகளுக்குள் அடங்கும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவிட முடியாது என்று நெடுங்காலம் கைவிரித்தார்கள். எம்மவர் வாக்களித்த சபையே எமது லயத்தின் கானைத் திருத்த முடியாதிருந்தது! 2018ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அந்தத் தடையைத் தளர்த்தியது. அதே ஆண்டில் அக்கரப்பத்தனை, கொட்டகலை, நோர்வூட், மஸ்கெலியா ஆகிய பிரதேச சபைகளுக்கும் தேர்தல் நடந்தது.

ஆகவே கட்டணம் கேட்கும் சபையிடம் சேவை கேட்க எமக்கும் உரிமை உண்டு. கட்டணம் சபைக்குச் சபை வேறுபடும். கட்டணப் பட்டியலை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். சபைக்குச் செலுத்துவது வேறு, வரைபடம் வரைபவருக்குக் கொடுக்கும் கூலி வேறு. இரண்டையும் ஒரே கையில் கொடுக்கச் சொன்னால் கொடுக்க வேண்டாம். பற்றுச்சீட்டில்லாமல் ஒரு சதமும் வேண்டாம்.

அனர்த்தத்தால் அரசே இடம்மாற்றிய குடும்பங்களிடம் இக்கட்டணத்தை அறவிடுவது நியாயமல்ல என்பது எமது கருத்து. 2025 மே மாதத் தேர்தலில் தெரிவான உங்கள் வட்டார உறுப்பினரிடம் இதைச் சபையில் பேசச் சொல்லுங்கள். ஒரே வரிசையில் பத்து வீடுகள் கட்டப்படுமானால் ஒரே பொறியியலாளரைக் கொண்டு எல்லாவற்றுக்கும் திட்டம் வரையச் செய்யலாம், செலவும் பங்காகும்.

இன்னுமொன்று: தொட்டியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பவுசர் வந்து உறிஞ்சி எடுக்க வேண்டும். எமது தோட்டப் பாதைகளில் எல்லா இடத்துக்கும் பவுசர் ஏறாது. எனவே தொட்டியைப் பாதைப் பக்கமாக, குழாய் எட்டும் தூரத்தில் அமைக்கும்படி திட்டம் வரையும்போதே சொல்லிவிடுங்கள். அங்கீகரித்த வரைபடத்தின் பிரதியொன்றைக் காணிப் பத்திரத்தோடு வைத்திருங்கள். மூடி எங்கே புதைந்திருக்கிறது என்று நாளை உங்கள் பிள்ளைகள் தேட வேண்டியிராது.