விடுப்பு முடியும்போது குழந்தையின் உணவு: வேலைக்குத் திரும்பும் தாய்மார்களுக்கும் குடும்பத்தாருக்கும்

இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் என நீளும் தொழிற்பேட்டைகளில் வேலைக்குச் செல்லும் பெண்கள் ஏராளம். வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். இந்தப் பெண்களில் நம் சமுதாயச் சகோதரிகளும் உண்டு. திருமணமாகி, குழந்தை பெற்று, மீண்டும் ஷிப்ட்டுக்குப் போக வேண்டிய நாள் நெருங்கும்போது பல வீடுகளில் எழும் கேள்வி ஒன்றுதான்: "பாலை நிறுத்திவிடலாமா?"

நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் அதற்கான ஏற்பாட்டை விடுப்பு முடிவதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டும். அது தாய் ஒருவரால் மட்டும் ஆகும் காரியமும் அல்ல.

விடுப்புக் கணக்கு

முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்துடன் 26 வார மகப்பேறு விடுப்பு உண்டு. பிரசவத்துக்கு முந்தைய 12 மாதங்களில் குறைந்தது 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம்தான். இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்களுக்கு, ஒப்பந்தத் தொழிலாளராக இருந்தாலும், உரிய சந்தா நாட்கள் இருந்தால் இந்த உதவித்தொகை இ.எஸ்.ஐ. மூலம் கிடைக்கும்.

குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் காலம் 6 மாதம், அதாவது ஏறத்தாழ 26 வாரம். இரண்டு கணக்கும் பொருந்துவது போலத் தெரியும். ஆனால் பிரசவத்துக்கு முன்பே 8 வாரம் விடுப்பு எடுத்துவிட்டால் பிறகு மிஞ்சுவது 18 வாரம். தாய் வேலைக்குத் திரும்பும்போது குழந்தைக்கு நான்கு மாதம்தான் ஆகியிருக்கும். உடல்நிலை இடம் கொடுத்தால், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, விடுப்பின் பெரும்பகுதியைப் பிரசவத்துக்குப் பிந்தைய காலத்துக்கு வைத்துக்கொள்வது நல்லது.

வேலையிடத்தில் உள்ள உரிமை

குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு நேரம் போக, பாலூட்டுவதற்காக நாளொன்றுக்கு இரண்டு இடைவேளைகள் தாய்க்கு உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். ஒரு நாளில் நான்கு முறை அங்கே சென்று குழந்தையைப் பார்க்க அனுமதி தர வேண்டும். 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டமும் அதன் 2017 திருத்தமும் தந்த இந்த உரிமைகள் 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இடம்பெற்றுள்ளன. விடுப்பில் இருக்கும்போதே எச்.ஆர். பிரிவுக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, நகலை வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையைக் கொண்டுபோக முடியாதவர்களும் அந்த இடைவேளையில் பால் எடுத்துவைக்க மறைவான இடம் கேட்கலாம்.

பாலை எடுத்துவைக்கும் முறை

ஷிப்ட் நேரத்தோடு கம்பெனி பஸ் பயணமும் சேர்ந்தால் தாய் 10 மணி நேரம் வரை வீட்டில் இருக்கமாட்டார். அந்த நேரத்தில் பாலை எடுக்காமல் விட்டால் மார்பு கட்டிக்கொள்ளும். சில நாட்களில் சுரப்பும் குறையும். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எடுப்பது நல்லது. பம்ப் கட்டாயமில்லை, கையாலேயே எடுக்கலாம். அந்த முறையை ஆரம்ப சுகாதார நிலைய செவிலியரிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள்.

எடுத்த பால் 25 டிகிரி வெப்பத்தில் 4 மணி நேரம் தாங்கும். நம் பகுதி வெயிலுக்கு அந்தக் கணக்கை நம்ப முடியாது. உறைந்த ஐஸ் பேக் வைத்த பையில் 24 மணி நேரம் வரையும், ஃபிரிட்ஜின் உட்பகுதியில் 4 நாள் வரையும் வைக்கலாம். கதவுத் தட்டில் வைக்க வேண்டாம். எடுத்த தேதியையும் நேரத்தையும் பாத்திரத்தில் எழுதி ஒட்டுங்கள். கொடுக்கும்போது அடுப்பில் காய்ச்சக் கூடாது. வெந்நீரில் பாத்திரத்தை நிறுத்தினால் போதும். குழந்தை குடித்து மீந்ததை மறுபடி எடுத்துவைக்க வேண்டாம்.

பாட்டிலைவிடப் பாலாடையும் சிறு கிண்ணமும் மேல். கழுவவும் கொதிநீரில் போடவும் சுலபம். தாய் வேலைக்குப் போவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே, வீட்டில் இருக்கப் போகிறவர் கையால் ஒரு வேளை கொடுத்துப் பழக்குங்கள். வேலைக்குக் கிளம்பும் முன்பும், வீடு திரும்பியதும், இரவிலும் தாய் நேரடியாகப் பாலூட்டினால் சுரப்பு தொடரும்.

ஆறு மாதம் முடிந்ததும்

தாய்ப்பாலில் உள்ள இரும்புச்சத்து இனி குழந்தைக்குப் போதாது. ஆகவே திட உணவைத் தள்ளிப்போடக் கூடாது. பருப்புத் தண்ணீர், ரசத் தண்ணீர், எலும்பு சூப் ஆகியவை வயிற்றை நிரப்பும். சத்து மிகக் குறைவு. கரண்டியைச் சாய்த்தால் வழிந்தோடாமல் நிற்கும் பதமே சரியான பதம்.

6 முதல் 8 மாதம் வரை: இரண்டு மூன்று கரண்டியில் தொடங்கி, மெல்ல மெல்ல 250 மில்லி கிண்ணத்தில் பாதி வரை, நாளுக்கு 2 அல்லது 3 வேளை. கேழ்வரகுக் கூழ், நெய் விட்டுக் குழைத்த பருப்புச் சாதம், மசித்த வாழைப்பழம், வேகவைத்த பூசணி, நன்கு வெந்த முட்டை, முள் நீக்கிய மீன், வேகவைத்து மசித்த ஈரல் கொஞ்சம். புதிய உணவு ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று நாள் கொடுத்துப் பாருங்கள்.

9 முதல் 11 மாதம் வரை: அரை கிண்ணம், 3 அல்லது 4 வேளை. மிக்ஸியில் அரைப்பதை நிறுத்திவிட்டு, கையால் மசித்துக் கொடுங்கள். இட்லி, கீரைச் சாதம், பிய்த்த கோழிக்கறி.

ஒரு வயதுக்கு மேல்: முக்கால் முதல் முழுக் கிண்ணம்; வீட்டுச் சாப்பாடுதான். நோன்புக் கஞ்சி காய்ச்சும் நாளில், அரிசியும் பாசிப்பருப்பும் கொத்துக்கறியும் நன்றாக வெந்த பிறகு, மிளகாயும் உப்பும் சேர்க்கும் முன் குழந்தைக்கு ஒரு கிண்ணம் எடுத்துவிட்டால் தனிச் சமையல் தேவையில்லை. குழம்புக்கும் இதே வழிதான். இடையில் ஒன்றிரண்டு முறை பழம், சுண்டல் மசியல், கொட்டை நீக்கி மசித்த பேரீச்சம்பழம் தரலாம்.

அங்கன்வாடியில் 6 மாதம் முதல் 3 வயது வரையுள்ள குழந்தைகளுக்குச் சத்துமாவு இலவசமாகத் தருகிறார்கள். பாலூட்டும் தாய்க்கும் உண்டு. வெளியூரிலிருந்து வந்து வாடகை வீட்டில் இருப்பவர்களும் அருகிலுள்ள மையத்தில் பெயரைப் பதிவு செய்யக் கேட்டுப் பாருங்கள். டப்பா உணவு வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், பின்பக்கம் சர்க்கரை சேர்த்திருக்கிறதா என்று படியுங்கள். இந்தியாவில் விற்கப்படும் செரிலாக் வகைகளில் ஒரு வேளைக்கு ஏறத்தாழ 3 கிராம் சர்க்கரை சேர்க்கப்பட்டிருப்பதாக ஸ்விட்சர்லாந்தின் 'பப்ளிக் ஐ' அமைப்பு 2024 ஏப்ரலில் வெளியிட்டது.

தவிர்க்க வேண்டியவை

ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய கிருமி, கைக்குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் பொட்டுலிசம் நோயைத் தரலாம். பிறந்த குழந்தையின் நாவில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தொட்டு வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு வயது வரை உப்பும், இரண்டு வயது வரை சர்க்கரையும் வேண்டாம். ஒரு வயதுக்குள் பசும்பால் முக்கியப் பானமாகக் கூடாது. தேநீர் இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது. முழு வேர்க்கடலையும் முழுத் திராட்சையும் தொண்டையில் அடைக்கும்.

குடும்பத்தின் கடமை

அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம் பாலூட்டலை முழுமையாக்க விரும்புவோருக்கு இரண்டு முழு ஆண்டுகளைச் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனமும் திட உணவோடு இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தாய்ப்பாலைத் தொடரச் சொல்கிறது. அதே வசனம் தாயின் உணவையும் உடையையும் தந்தையின் பொறுப்பில் வைக்கிறது. பாலை முன்கூட்டி நிறுத்துவதென்றால் இருவரும் கலந்து பேசி, மனமொத்து முடிவெடுக்கச் சொல்கிறது. அக்கம்பக்கத்தார் பேச்சைக் கேட்டோ, "பால் போதவில்லை" என்று யாரோ சொன்னதற்காகவோ எடுக்கும் முடிவல்ல இது.

ஆகவே சகோதரர்களே, வேலை முடிந்து வரும் மனைவியைச் சமையலறைக்குள் அனுப்பாமல் குழந்தையோடு அமரவிடுங்கள். கிண்ணத்தைக் கழுவுவதும், கேழ்வரகை முளைகட்டி அரைத்துவைப்பதும், காலையில் குழந்தைக்கு ஊட்டுவதும் ஆண்களாலும் முடியும். மாமியாரோ தாயாரோ குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார் என்றால், பாலையும் உணவையும் எப்போது, எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்.

குழந்தையின் எடை மாதாமாதம் ஏறுகிறதா என்று அங்கன்வாடியில் பார்த்துக் குறித்துவையுங்கள். எடை ஏறாமல் நின்றாலோ, சிறுநீர் குறைந்தாலோ, குழந்தை சோர்ந்து கிடந்தாலோ தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். வீட்டார் கைகொடுத்தால் தாயின் வேலையும் நிற்காது, குழந்தையின் பாலும் நிற்காது, இன்ஷா அல்லாஹ்.