மேசைக் கணினி – 9
திரை தன் பெயரைச் சொல்லாதபோது

"சார், நேத்து சாயங்காலம் எல்லாத்தையும் சரியா வெச்சுட்டுத்தான் போனேன். காலையில வந்து பாத்தா மறுபடியும் எழுத்தெல்லாம் மங்கலா, இழுத்துவிட்ட மாதிரி இருக்கு."

சித்தூரிலோ திருப்பதியிலோ அலுவலகக் கணினிகளைப் பழுது பார்ப்பவர்களுக்கு இந்தப் புகார் நன்றாகத் தெரியும். உடனே என்ன செய்கிறார்கள்? ரைட் கிளிக், டிஸ்ப்ளே செட்டிங்ஸ், 1920க்கு 1080, முடிந்தது. மறுநாள் திரும்பவும் போன் வருகிறது. மூன்றாம் முறை வந்தால் பழி அந்த ஊழியர் மேல் விழுகிறது: "நீங்கதாம்மா எதையோ அமுத்தியிருப்பீங்க." அந்த அம்மா அநேகமாக எதையும் அமுக்கியிருக்க மாட்டார். ஒரு நாள் இரவில் தானாகக் கலைகிற அமைப்புக்கு அவரைக் குற்றம் சொல்வது அநியாயம்.

நம் வட்டாரத்தில் இது சின்ன விஷயமும் அல்ல. மீசேவா திட்டம் 2011 நவம்பர் 4 அன்று திருப்பதியில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. 2019 அக்டோபர் 2 முதல் கிராமச் செயலகங்களும் வந்தன. வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், அடங்கல் என்று ஊர் ஜனங்களின் காகிதங்கள் எல்லாம் ஒரு திரையைக் கடந்துதான் கைக்கு வருகின்றன. தெலுங்கில் கூட்டெழுத்தின் இரண்டாம் மெய் சின்னதாகக் கீழே ஒட்டி நிற்கும். ஒத்து எனப்படும் அது மங்கிவிட்டால் பெயரே வேறாகிவிடும். சர்வே எண்ணின் உட்பிரிவில் 3ஐ 8 என்று படித்துவிட்டால், நிலத்துக்காரர் இன்னொரு முறை பஸ் ஏறி வரவேண்டும். கவுண்டருக்குள் இருப்பவருக்கோ மாலைக்குள் தலைவலி.

இனி காரணத்துக்கு வருவோம். கணினி எதையும் மறப்பதில்லை. எந்த மானிட்டர், எதனோடு ஜோடியாக இணைந்திருந்தது, அப்போது என்ன ரெசல்யூஷன், எந்தத் திரை இடப்பக்கம் என்று விண்டோஸ் கணக்காகக் குறித்து வைத்துக்கொள்கிறது. பிரச்சினை, அந்தக் கணக்கு மானிட்டரின் பெயரில் எழுதப்படுவதுதான். ஒவ்வொரு மானிட்டருக்குள்ளும் ஒரு சின்ன நினைவகச் சில்லு இருக்கிறது. அதில் 128 பைட் அளவில் தயாரிப்பாளரின் மூன்றெழுத்துக் குறி, மாடல் எண், வரிசை எண், தயாரான வாரமும் வருடமும், தனக்கு உகந்த ரெசல்யூஷன் எல்லாம் பதிந்திருக்கும். ஈடிஐடி என்று பெயர். வெசா அமைப்பு 1994இல் வகுத்த முறை இது. திருமலை தரிசன டோக்கனுக்கு ஆதாரை நீட்டுவதுபோல, இணைத்த நொடியில் மானிட்டர் இதைக் கணினியிடம் நீட்டுகிறது. ரேணிகுண்டா, ஏர்ப்பேடு பக்கம் டிக்சன் நிறுவனம் டிவி செய்கிறது, டிசிஎல் குழுமம் திரைப் பேனல் செய்கிறது என்பது வாசகர்களுக்குத் தெரிந்ததே. எச்டிஎம்ஐ உள்ள எந்த டிவியும் இந்த விவரம் எழுதப்படாமல் ஆலையைவிட்டு வெளியே வராது.

அந்த நீட்டல் நடக்காமல் போனால்? கணினி எதிரே இருப்பது யாரென்று தெரியாமல், பாதுகாப்பாக ஒரு சிறிய ரெசல்யூஷனைப் போடுகிறது. பெரும்பாலும் 1024க்கு 768. அகலத் திரையில் அது இழுபட்டு, எழுத்து பருத்து மங்குகிறது. நீங்கள் நேற்று வைத்த அமைப்பு அழியவில்லை, அது வேறொரு பெயரில் பத்திரமாக இருக்கிறது.

இதைச் சோதிப்பது எளிது. கோளாறு வந்திருக்கும் நேரத்திலேயே டிவைஸ் மேனேஜரைத் திறந்து, மானிட்டர்ஸ் என்ற வரியை விரியுங்கள். மாடல் பெயரோ "ஜெனரிக் பிஎன்பி மானிட்டர்" என்றோ இருந்தால் அடையாளம் வந்து சேர்ந்திருக்கிறது. "ஜெனரிக் நான்-பிஎன்பி மானிட்டர்" என்று இருந்தால் வரவில்லை. நடுவில் ஒட்டியிருக்கும் அந்த "நான்" கண்ணில் பட்டதும் செட்டிங்ஸை மூடிவிட்டு மேசைக்குப் பின்னால் போங்கள்.

அங்கே இன்னமும் நீல முனை கொண்ட விஜிஏ கேபிள்தான் பல அலுவலகங்களில் தொங்குகிறது. 1987இல் ஐபிஎம் கொண்டுவந்த பதினைந்து பின் அமைப்பு அது. படத்தைக் கொண்டுபோகும் பின்கள் வேறு. அடையாளத்தைக் கொண்டுவருபவை 12ஆவதும் 15ஆவதும். மலிவான சில கேபிள்களில் அந்த இரண்டும் இருக்கவே இருக்காது. இருந்தாலும், துடைக்கும்போது சிபியு நகர்ந்து, திருகாத முனை ஒரு பக்கம் தளர்ந்திருக்கும். படம் வரும், பெயர் வராது. "படம்தான் வருதே, கேபிள் நல்லாத்தான் இருக்கு" என்ற முடிவுதான் பலரைச் சுற்றவிடுகிறது. 9ஆவது பின் இல்லாததைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது இல்லாத நல்ல கேபிள்களும் உண்டு. இருபுறத் திருகுகளையும் இறுக்குங்கள். தீரவில்லையென்றால் வேறு கேபிளை மாட்டிப் பாருங்கள். புதிய சிபியுவில் விஜிஏ போர்ட் இல்லை என்று நடுவில் ஒரு கன்வெர்ட்டரைச் செருகியிருந்தால் முதல் சந்தேகம் அதன்மேல் இருக்கட்டும். மானிட்டரில் எச்டிஎம்ஐ இருந்தால் நேராக அதிலேயே இணைப்பது மேல்.

இரண்டு திரை வைத்திருப்பவர்களின் கதை சற்று வேறு. டிஸ்ப்ளேபோர்ட்டில் இணைத்த பல மானிட்டர்கள், ஸ்விட்சை அணைத்தால் கணினிக்குக் கழற்றி எடுத்ததாகவே தெரியும். திறந்திருந்த ஜன்னல்கள் எல்லாம் மற்றத் திரைக்கு ஓடிவிடும். விண்டோஸ் 11இல் இதற்கென்றே ஒரு அமைப்பு சேர்க்கப்பட்டது: மானிட்டர் இணைப்பைப் பொறுத்து ஜன்னல் இருந்த இடத்தை நினைவில் வை என்று அதற்குப் பொருள். அதை இயக்கிவையுங்கள். கூடவே யுபிஎஸ்ஸையும் பாருங்கள். கரகம்பாடியில் அமரராஜா பேட்டரி செய்யும் ஊர்க்காரர்கள் நாம். அப்படியிருந்தும் சிபியுவை மட்டும் யுபிஎஸ்ஸில் சேர்த்து, மானிட்டரைச் சுவர் ப்ளக்கிலேயே விட்டுவிடுகிறோம். கரண்ட் ஒரு நொடி போய் வந்தாலும் கணினியின் பார்வையில் திரை கழன்று மாட்டப்படுகிறது.

கேபிளும் அடையாளமும் சரியாக இருந்தும் கலைகிறதென்றால், கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: எப்போது கலைகிறது? ஒரு வாரம் நேரத்தைக் குறித்துவையுங்கள். ஷட் டவுன் செய்து திறந்தால் கலைந்து, ரீஸ்டார்ட்டில் கலையாவிட்டால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் மேல் சந்தேகப்படலாம். விண்டோஸ் 8இலிருந்து, இந்த வசதி இயங்கும்போது ஷட் டவுன் என்பது முழு அணைப்பு அல்ல, பாதித் தூக்கம். ரீஸ்டார்ட்தான் முழுசாக அணைத்து எழுப்பும். விண்டோஸ் அப்டேட் வந்த மறுநாள் என்றால் டிரைவர் மாறியிருக்கும். "மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்" என்று காட்டினால் டிரைவரே இல்லை என்று பொருள். பயிற்சி மையங்களில் ஒவ்வொரு ரீஸ்டார்ட்டுக்கும் எல்லாம் பழையபடி ஆகிறதா? டீப் ஃப்ரீஸ் போன்ற மென்பொருள் தன் வேலையைச் செய்கிறது. வேலை நடுவே, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறைபோல வால்பேப்பரோ திரை அணையும் நேரமோ மாறுகிறதென்றால் அது தலைமையகத்தின் குரூப் பாலிசி. 90 நிமிடங்களுக்கு ஒருமுறை, அதிகபட்சம் இன்னும் 30 நிமிடம் தள்ளி, அது தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். உங்கள் மேசையிலிருந்து அதை மாற்ற முடியாது, நிர்வாகியிடம்தான் கேட்கவேண்டும்.

கண் மங்கிவரும் மூத்த ஊழியர்கள், எழுத்து பெரிதாக வேண்டும் என்று தாங்களே ரெசல்யூஷனைக் குறைத்துவைப்பதும் உண்டு. அவர்கள் கேட்பது நியாயமானது, வழிதான் தவறு. ரெசல்யூஷனை மானிட்டருக்கு உரியதிலேயே விட்டுவிட்டு, அதற்கருகே உள்ள ஸ்கேலிங்கை 125 அல்லது 150 சதவீதமாக்கிக் கொடுங்கள். எழுத்து பெரிதாகும், கூர்மையும் குறையாது. பழைய மென்பொருள்கள் சிலவற்றில் அது தெரிய, ஒருமுறை சைன் அவுட் செய்து திரும்ப உள்ளே வரவேண்டும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு அடங்கலைத் திறந்து, ஒத்து எழுத்து அவருக்குத் தெரிகிறதா என்று கேட்டுவிட்டே எழுந்திருங்கள்.

(தொடரும்)