திரையில் எழுத்து – 9: எட்டுக்கு எட்டுக் கட்டம்

கடையின் இணையதளத்தில் படமாக வைப்பதற்காக, கணினியின் பெயின்ட் மென்பொருளில் 600க்கு 150 புள்ளி அளவில் வெள்ளைத் தாள் ஒன்றைத் திறந்து, கடைப்பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல் முகவரி மூன்றையும் எழுதி முடித்த இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தோம். தொடர்ந்து படிப்பவர்களுக்கு இதற்கு மேல் நினைவூட்டல் வேண்டாம். இந்த வாரம் அதைச் சேமிக்க வேண்டும்.

சேமிப்பதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். 'சேவ் ஆஸ்' அழுத்தினால் பிஎன்ஜி, ஜேபெக், பிஎம்பி, ஜிஃப் என்று ஒரு வரிசை வரும். கேமராவிலும் கைபேசியிலும் பார்த்துப் பழகிய பெயர் என்பதால் பலரும் ஜேபெக்கைத் தொட்டுவிடுகிறார்கள். எழுத்து கெடுவது அங்கேதான்.

உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்கு மண்டபம் தேடியபோது ஓர் இணையதளம் கண்ணில் பட்டது. மஞ்சள் பின்னணி, சிவப்பில் தொலைபேசி எண். நடுவில் இருந்தது எட்டா, ஆறா என்று வீட்டில் ஆளுக்கொரு விதமாகப் படித்தார்கள். எண்ணைச் சுற்றி அழுக்குப் படிந்ததுபோல் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் இன்னும் குழம்பியது. கடைசியில் வேறு மண்டபம் பேசி முடித்தோம். அந்த மண்டபக்காரருக்குத் தன் எண் யாருக்கும் தெரியவில்லை என்பதே இன்றுவரை தெரிந்திருக்காது.

அந்த அழுக்கு எங்கிருந்து வருகிறது என்று இந்த வாரம் தேடிப் போனேன். போன இடத்தில் பெங்களூர்க்காரர் ஒருவர் கிடைத்தார்.

முதலில் ஜேபெக் செய்யும் வேலையைப் பார்த்துவிடுவோம். படத்தை எட்டுப் புள்ளி அகலம், எட்டுப் புள்ளி உயரம் உள்ள சிறு கட்டங்களாக அது வெட்டிக்கொள்கிறது. ஒரு கட்டத்தில் 64 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் மதிப்பையும் அப்படியே எழுதி வைக்காமல், அந்தக் கட்டத்தை 64 அலை வடிவங்களின் கூட்டாக மாற்றி எழுதுகிறது. முதல் வடிவம் கட்டத்தின் சராசரி வெளிச்சம் மட்டுமே. அடுத்தடுத்தவை மெல்ல ஏறி இறங்கும் அலைகள். கடைசியில் இருப்பவை சதுரங்கப் பலகைபோலப் புள்ளிக்குப் புள்ளி மாறும் நுண்ணலைகள். எந்த அலை எவ்வளவு என்பதுதான் கணக்கு. நுண்ணலைகள் குறைந்தாலும் நம் கண் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. அதனால் அவற்றின் அளவுகளைத் தோராயமாக்கி, பலவற்றைச் சுழியாக்கிவிடுகிறார்கள். கோப்பு சுருங்கிவிடுகிறது.

இந்தக் கணக்குக்குக் கொசைன் உருமாற்றம் என்று பெயர். அதைக் கண்டவர் நசீர் அகமது. 1940இல் பெங்களூரில் பிறந்து, அங்கேயே பொறியியல் படித்து, அமெரிக்கா சென்று நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தபோது, 1972இல், இந்த யோசனையை ஆராய நிதி கேட்டு அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு விண்ணப்பித்தார். கிடைக்கவில்லை. யோசனை மிகவும் எளிமையாக இருக்கிறது என்ற தொனியில் ஒரு மதிப்பீட்டாளர் எழுதியிருந்ததைப் பிற்பாடு அவரே நினைவுகூர்ந்திருக்கிறார்.

எளிமை என்று தள்ளிவைத்ததை அவர் விடவில்லை. 1973 கோடை முழுவதும், மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு, ஆராய்ச்சி மாணவர் டி. நடராஜனோடும், டெக்சாஸ் ஆர்லிங்டனில் பணியாற்றிய நண்பர் கே. ஆர். ராவோடும் சேர்ந்து இதிலேயே மூழ்கினார். கிடைத்த முடிவுகள் நம்ப முடியாத அளவுக்கு நன்றாக இருந்தன. 1974 ஜனவரியில் கட்டுரை வெளிவந்தது. மூவர் பெயரும் தாங்கிய அந்தக் கட்டுரை நான்கே பக்கம்! 1992இல் வந்த ஜேபெக் தரம் அதன்மேல்தான் நிற்கிறது. காணொளிச் சுருக்கமும் பெரும்பாலும் அந்த வழியில் வந்ததுதான். 2021இல் 'திஸ் இஸ் அஸ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் நசீர் அகமதுவும் அவர் மனைவி எஸ்தரும் கதாபாத்திரங்களாகவே வந்தார்கள். நம் ஊர்ப் பள்ளிப் பாடநூல்களிலும் கட்டுரை எழுதிய அந்த மூவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இத்தனை அருமையான கணக்கு எழுத்தை ஏன் கெடுக்கிறது? முகம், வயல், வானம் எல்லாம் மெல்ல மெல்ல நிறம் மாறுபவை. நுண்ணலை போனாலும் அவற்றுக்குப் பெரிய நஷ்டமில்லை. எழுத்தின் ஓரமோ ஒரே புள்ளியில் கறுப்பிலிருந்து வெள்ளைக்குத் தாவுகிறது. அந்தத் தாவலைக் காட்ட நுண்ணலைகள் அத்தனையும் வேண்டும். அவற்றைக் கழித்துவிட்டால், மிஞ்சிய அலைகள் ஓரத்தைத் தாண்டியும் ததும்பி, எழுத்தைச் சுற்றிச் சாம்பல் புள்ளிகளை இறைக்கின்றன. பொறியாளர்கள் இதைக் கொசு இரைச்சல் என்கிறார்கள். வெள்ளையில் கறுப்பாக எழுதி, ஜேபெக்காகச் சேமித்து, பெயின்டிலேயே 800 விழுக்காடு பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்து தொட்ட கட்டத்துக்குள் மட்டும் அழுக்கு இருக்கும். பக்கத்துக் கட்டம் துடைத்துவிட்டதுபோல் வெள்ளையாக இருக்கும். அந்த எட்டுக்கு எட்டு எல்லையை நம் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

சிவப்பும் மஞ்சளும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். வெளிச்ச வேறுபாட்டைப் பிடிக்கும் அளவுக்கு நிற வேறுபாட்டின் நுணுக்கத்தை நம் கண் பிடிப்பதில்லை என்பதால், பெரும்பாலான மென்பொருள்கள் நிறத் தகவலை நீளத்திலும் அகலத்திலும் பாதியாகக் குறைத்தே ஜேபெக்கில் வைக்கின்றன. மண்டபக்காரரின் எண் கரைந்த காரணம் இதுதான். தமிழில் எழுதினால் மெய்யெழுத்தின் புள்ளியும் ஆபத்தில் இருக்கிறது. சிறிய எழுத்தில் அந்தப் புள்ளிக்குக் கிடைப்பது திரையில் இரண்டு மூன்று புள்ளி இடம்தான். 'ஸ்டோர்ஸ்' என்று கடைப்பெயர் முடிந்தால் மூன்று மெய்ப்புள்ளிகள் மங்கும்.

ஆகவே பிஎன்ஜி. அது எதையும் கழிப்பதில்லை. திரும்பத் திரும்ப வருவதைச் சுருக்கி எழுதுகிறது, அவ்வளவே. வெள்ளைப் பரப்பும் ஓரிரு நிறங்களும் மட்டுமே உள்ள நம்முடைய படம் ஜேபெக்கைவிட அதில் சிறியதாகவே முடிவது வழக்கம். பிஎன்ஜி பிறந்ததற்குப் பின்னால் 1995இல் ஒரு காப்புரிமைச் சண்டை இருக்கிறது. அதைத் தொட்டால் இந்தப் பக்கம் போதாது. படத்தைப் பார்க்க முடியாதவர்களுக்காக அதற்கு மாற்று உரை எழுதுவதை இந்த வாரமே சொல்வதாக இருந்தேன். அதுவும் சண்டைக் கதையோடு சேர்ந்து அடுத்த வாரம் வரும்.

அதுவரை ஒரு வேண்டுகோள். முகவரி திருடும் நிரல்களுக்குப் பயந்து மின்னஞ்சலைப் படமாக்குகிறோம், சரி. கடையின் தொலைபேசி எண்ணை ஒளிக்க வேண்டியதில்லை. அதைப் படத்துக்குக் கீழே எழுத்தாகவும் தட்டச்சு செய்து வையுங்கள். திரை வாசிக்கும் மென்பொருளை நம்பியிருக்கும் பார்வையற்றவருக்கு அதுதான் எட்டும். கைபேசியில் தொட்டு அழைக்கவும் அதுதான் உதவும்.

ஏற்கெனவே ஜேபெக்காகச் சேமித்துவிட்டவர்கள் அதே கோப்பைத் திறந்து பிஎன்ஜியாக மாற்ற வேண்டாம். படிந்த கறை அப்படியே பிஎன்ஜியிலும் வரும். புதிய தாள் திறந்து மறுபடி எழுதிச் சேமியுங்கள்.