வண்டியை மாற்றுமுன் முதுகைக் கேளுங்கள்



இந்தப் பக்கத்தில் வழக்கமாக இரத்த அழுத்தம், கொழுப்பு, நீரிழிவு என்று எழுதி வருகிறோம். இம்முறை மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுதுகிறோம். மருத்துவப் பக்கத்தில் பட்டறைக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள், சங்கக் கூட்டம் முடிந்ததும் வாசலில் சற்று நேரம் நின்று பார்க்கட்டும். வண்டியை எடுக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்பவர் எத்தனை பேர், கையை உதறிக்கொள்பவர் எத்தனை பேர் என்று எண்ணினாலே போதும்.

மலேசியத் தமிழர் குடும்பங்களில் மோட்டார் ஓடாத வீடு குறைவு. தோட்டப்புறத்தில் ஹோண்டா சி70 வண்டியில் பால் வாளியைக் கட்டிக்கொண்டு போன தலைமுறை ஒன்று இருந்தது. ஹோண்டாவின் 'கப்' என்ற பெயரோடு சிறியது என்று பொருள்படும் கண்டனீஸ் சொல் ஒட்டித்தான் 'கப்சாய்' என்ற பெயரே பிறந்தது. அந்தத் தலைமுறைக்கு ஒரு நாளைக்கு ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டினால் அதிகம். இன்று சிரம்பானிலிருந்து கோலாலம்பூருக்கு வேலைக்குப் போய்வருபவர் தினமும் 120 கிலோமீட்டருக்கு மேல் அதே போன்ற சிறு வண்டியில் அமர்ந்திருக்கிறார். ஜொகூர் பாருவிலிருந்து விடியுமுன் சிங்கப்பூருக்குக் கிளம்புபவர்களைச் சொல்லவே வேண்டாம். வண்டி கிட்டத்தட்ட அதேதான். தூரம் மட்டும் பல மடங்காகிவிட்டது.

ஆனால் வண்டிக்குச் செலவு செய்ய நினைக்கும்போது நம் பிள்ளைகள் முதலில் மாற்றுவது எதை? சத்தமான எக்ஸாஸ்ட், ஒல்லியான டயர், பலகை போல் தட்டையாக்கிய சீட். மூன்றுமே உடம்புக்கு எதிரானவை. அதே பணத்தை வேறு மூன்று இடங்களில் போட்டால் வண்டியும் நன்றாக ஓடும், ஓட்டுபவரும் ஐம்பது வயதிலும் நிமிர்ந்து நடப்பார் என்பது எங்கள் கருத்து.

கப்சாயா, ஸ்கூட்டரா?

அண்மை ஆண்டுகளில் யமஹா என்மேக்ஸ், ஹோண்டா பிசிஎக்ஸ் போன்ற ஸ்கூட்டர்களுக்கு நம் மக்கள் மாறி வருகிறார்கள். கியர் மாற்ற வேண்டாம், சீட் அகலம், கால் வைக்க இடம், மழைக்கோட்டும் தலைக்கவசமும் வைக்கச் சீட்டுக்கு அடியில் பெட்டி. கடையில் உட்கார்ந்து பார்க்கும்போது சோபா போல இருக்கும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கும், சேலையில் பின்னால் அமரும் அம்மாமார்களுக்கும் ஸ்கூட்டர் வசதிதான். மறுக்கவில்லை.

முதுகு வலி உள்ளவர்கள் மட்டும் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது சக்கரம். கப்சாய்க்குப் பொதுவாக 17 அங்குலச் சக்கரம், என்மேக்ஸுக்கு 13 அங்குலம். சிறிய சக்கரம் குழிக்குள் ஆழமாக இறங்கும், பெரிய சக்கரம் மேலாகக் கடந்துவிடும். இரண்டாவது எஞ்சின் இருக்கும் இடம். கப்சாயில் எஞ்சின் சட்டத்தோடு பூட்டப்பட்டிருக்கும். பெரும்பாலான ஸ்கூட்டர்களில் எஞ்சினும் பின்சக்கரமும் ஒரே கட்டாக மேலும் கீழும் ஆடும். அவ்வளவு எடையும் சேர்ந்து துள்ளுவதைப் பின்பக்க அப்சார்பர் அடக்கத் திணறுகிறது. மிச்ச அதிர்ச்சி சீட் வழியாக நம் இடுப்புக்கு வருகிறது.

இதோடு உட்காரும் முறையும் சேர்ந்துகொள்கிறது. கப்சாயில் கால் உடலுக்கு நேர் கீழே இருப்பதால், மேடு வருவதைப் பார்த்தால் காலை ஊன்றி உடம்பைச் சற்றே தூக்கிக்கொள்ளலாம். அதிர்ச்சியைத் தொடை வாங்கிக்கொள்ளும். ஸ்கூட்டரில் கால் முன்னால் நீண்டிருக்கும், எழ முடியாது. முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க் என்ற ஜவ்வுத் தட்டுகள்தான் அதை வாங்கிக்கொள்ள வேண்டும். காலை முன்னால் நீட்டிச் சாய்ந்து ஓட்டும் குரூசர் வகைக்கும் இதே குறை உண்டு. நல்ல நகரச் சாலையில் பதினைந்து கிலோமீட்டர் போய்வருபவர் ஸ்கூட்டரில் சுகமாகவே இருப்பார். லாரிகள் ஓடி ஓடிக் குழிவிழுந்த தொழிற்பேட்டைச் சாலையில் தினமும் போகிறவருக்கு, பழைய கப்சாய் பார்க்க எளிமையாக இருந்தாலும், முதுகுக்கு நல்ல நண்பன்.

பெரிய வண்டிகளையும் பார்ப்போம். பிள்ளைகள் வேலைக்குப் போனபின் வெர்சிஸ் 650 போன்ற சுற்றுலா வண்டி வாங்கி, வாரக் கடைசியில் கூட்டமாகப் பயணம் போகும் உறுப்பினர்கள் நம்மிடையே பெருகி வருகிறார்கள். நிமிர்ந்து உட்காரும் வசதி, காற்றைத் தடுக்கும் கண்ணாடி, நீண்ட சஸ்பென்ஷன் எல்லாம் இருப்பதால், ஓடிக்கொண்டிருக்கும்வரை நெடும்பயணத்துக்கு இதைவிடச் சுகமில்லை. சிக்கல் நிறுத்தும்போதுதான். சீட் உயரம் 840 மில்லிமீட்டர் அளவில், எடை 200 கிலோவுக்கு மேல். கப்சாயோ சுமார் 100 கிலோதான். சராசரி உயரமுள்ளவர் சரிவான இடத்தில் நுனிக்காலில் நின்று அந்த எடையைத் தாங்கப் பார்க்கும்போது இடுப்பு பிடித்துக்கொள்கிறது. சாய்ந்துவிட்டால் சாயட்டும், கையால் இழுத்துப் பிடிக்காதீர்கள். வண்டியின் கீறலைப் பட்டறையில் சரிசெய்யலாம். தூக்கும்போது வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, காலின் பலத்தால் பின்னோக்கித் தள்ள வேண்டும். குனிந்து கையால் தூக்கக் கூடாது.

பணத்தை எங்கே போடுவது?

முதலில் சீட். மெத்தென்று இருந்தால் நல்லது என்று எல்லோரும் நினைக்கிறோம். மென்மையான பஞ்சு அரை மணி நேரத்தில் அமுங்கி அடித்தட்டைத் தொட்டுவிடும். அதன்பின் பலகையில் உட்கார்ந்ததற்கும் அதற்கும் வித்தியாசமில்லை. சற்றே கெட்டியான ஃபோம், பின்புறம் அகன்று உட்காரும் எலும்புகள் இரண்டையும் தாங்குவதாக இருக்க வேண்டும். சீட் முன்பக்கம் சரிந்திருந்தால் உடம்பு வழுக்கிக்கொண்டே போய் இடுப்புக்கு நடுப்பகுதி அழுந்தும். ஆண்களுக்கு அங்கே மரத்துப்போவதற்கு இது பெரிய காரணம். சீட் தைப்பவரிடம் கொடுத்து ஃபோமை மாற்றிச் சமமாக்குவதற்கு ஆகும் செலவு, புது எக்ஸாஸ்ட் விலையில் ஒரு சிறு பங்குதான்.

அடுத்தது பின்பக்க அப்சார்பர். பத்து வருடம் ஓடிய கப்சாயில் அது பெயருக்குத்தான் இருக்கும். வண்டியின் பின்புறத்தைப் பலமாக அமுக்கிக் கையை எடுங்கள். ஒருமுறை மேலே வந்து நின்றால் சரி. இரண்டு மூன்று முறை ஊஞ்சலாடினால், அல்லது எண்ணெய் கசிந்திருந்தால், மாற்றும் நேரம் வந்துவிட்டது. பல வண்டிகளில் அப்சார்பரின் அடியில் திருகக்கூடிய வளையம் உண்டு. மனைவியையும் பிள்ளையையும் ஏற்றும்போது ஒருபடி கெட்டியாகவும், தனியாகப் போகும்போது தளர்வாகவும் வைத்துக்கொள்ளலாம். வண்டி வாங்கியதிலிருந்து அதைத் தொட்டே பார்க்காதவர்கள்தான் அதிகம். டயர் காற்றும் அப்படித்தான். செயின் மூடியிலோ பின்சக்கரத்துக்கு அருகிலோ ஒட்டியிருக்கும் தாளில் தனியாக ஓட்டும் அளவும், ஆள் ஏற்றும் அளவும் தனித்தனியே இருக்கும். ஒல்லி டயரில் காற்றின் மெத்தை குறைவு, பிடிப்பும் குறைவு. அதைப் போட்டவர்கள் கழற்றிவிடுவது நல்லது.

மூன்றாவது கை. நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டியபின் விரல்கள் குறுகுறுக்கின்றன என்றால் எஞ்சின் அதிர்வு காரணமாக இருக்கலாம். ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 7,500 சுற்று சுற்றும்போது கைப்பிடி நொடிக்கு 125 முறை அதிர்கிறது. முன்பக்க ஸ்ப்ராக்கெட்டில் 14 பல் இருக்கும் வண்டியில் 15 பல் போட்டால், அதே வேகத்தில் எஞ்சின் சுமார் 7,000 சுற்று சுற்றினால் போதும். மேடு ஏறும்போது இழுவை கொஞ்சம் குறையும். நெடுஞ்சாலையில் தினமும் போகிறவருக்கு அது பெரிய இழப்பில்லை. கைப்பிடி முனையில் எடைக் கட்டை போடுவதும் உதவும்.

பிரேக், கிளட்ச் பிடிகளின் கோணத்தைப் பார்ப்பதற்குக் காசே செலவில்லை. ஓட்டும் நிலையில் உட்கார்ந்து விரல்களை நீட்டினால் முன்கை, மணிக்கட்டு, விரல் மூன்றும் ஒரே கோட்டில் பிடியைத் தொட வேண்டும். மணிக்கட்டு மேல்நோக்கி மடிந்தால் அங்கே ஓடும் நரம்பு நசுங்கும். பிடியைத் தளர்த்திக் கோணத்தை மாற்ற ஐந்து நிமிடம் ஆகும். பிளாஸ்டிக் மூடிய கப்சாய் கைப்பிடியில் அவ்வளவாக மாற்ற முடியாது. வெளியே தெரியும் ஹேண்டில் உள்ள வண்டிகளில் உயர்த்திக் கட்டை வைத்துப் பிடியை உயர்த்தலாம்.

சட்டகத்தை வெட்டுவது, எஞ்சின் கொள்ளளவைக் கூட்டுவது போன்ற வேலைகளுக்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி வேண்டும். நாம் சொல்லும் மாற்றங்கள் அந்த வகையில் வருபவை அல்ல. ஐயமிருந்தால் பட்டறையில் கேட்பதைவிட இலாகாவிலேயே கேட்டுவிடுங்கள்.

காதை மறந்துவிட்டோம்

நாளொன்றுக்கு 8 மணி நேரம் 85 டெசிபல் என்பதுதான் காது தாங்கும் எல்லையாகக் கொள்ளப்படுகிறது. மலேசியத் தொழிற்சாலைகளுக்கான 2019ஆம் ஆண்டு இரைச்சல் விதிகளிலும் 85 தான் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் தாங்கும் நேரம் பாதியாகும். 94 டெசிபலில் ஒரு மணி நேரம்தான். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் தலைக்கவசத்துக்குள் கேட்கும் காற்றிரைச்சல் மட்டுமே இந்த அளவைத் தாண்டிவிடும். அதன்மேல் சத்தமான எக்ஸாஸ்ட் வேறு. மனைவி கூப்பிடுவது காதில் விழவில்லை என்று சொல்பவர்கள் எல்லோரும் பாசாங்கு செய்வதில்லை.

மருந்துக் கடையில் கிடைக்கும் ஃபோம் காதடைப்பானைச் சுருட்டிப் போட்டுக்கொண்டால் காற்றிரைச்சல் வெகுவாகக் குறையும். ஹார்ன், ஆம்புலன்ஸ் ஒலி கேட்கும். நெடும்பயணத்தில் களைப்பும் குறைவாக இருக்கும் என்பதைப் போட்டுப் பார்த்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

நீரிழிவு உள்ளவர்கள் கவனத்துக்கு

நம் நாட்டில் இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம் என்பதைத் தேசிய ஆய்வுகள் தொடர்ந்து காட்டுகின்றன. ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர், பின் பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைச் சரியாக உணரமாட்டார். சிலிப்பர் போட்டு ஓட்டினால் எக்ஸாஸ்ட் சுட்டதுகூட வீட்டுக்கு வந்து கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும். அந்தப் புண் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நம் குடும்பங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மூடிய காலணி கட்டாயம். கையால் பிரேக் பிடிக்கும் ஸ்கூட்டர் இவர்களுக்கு உண்மையிலேயே ஏற்றது. முன்னால் சொன்ன குறைகளை மீறி இவர்களுக்கு ஸ்கூட்டரையே பரிந்துரைக்கிறோம்.

இன்சுலின் அல்லது சர்க்கரையை வேகமாகக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்கள் கிளம்புமுன் சோதித்துப் பார்க்க வேண்டும். 4க்குக் கீழே இருந்தால் ஓட்டக் கூடாது. 4க்கும் 5க்கும் இடையில் இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். வழியில் சர்க்கரை இறங்கினால் நிறுத்தி இனிப்புச் சாப்பிட்டு, அளவு சரியானபிறகும் 45 நிமிடம் காத்திருக்க வேண்டும். இனிப்பு சட்டைப் பையில் இருக்கட்டும், பின்பெட்டியின் அடியில் வேண்டாம். இன்சுலினையும் அந்தப் பெட்டியில் வைக்காதீர்கள். வெயிலில் நிற்கும் பெட்டிக்குள் வெப்பம் 30 பாகையை எளிதில் தாண்டும், மருந்து கெட்டுவிடும்.

தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போதும், கேமரன் மலைக்குச் சுற்றுலா போகும்போதும் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி ஐந்து நிமிடம் நடங்கள், தண்ணீர் குடியுங்கள். கோலாலம்பூரிலிருந்து ஈப்போ சுமார் 200 கிலோமீட்டர். மோட்டார் சைக்கிளுக்கு அந்த நெடுஞ்சாலையில் கட்டணம் கிடையாது, எங்கே நிறுத்தினாலும் நட்டமில்லை. ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டிக்கொண்டு ஓட்டும் நம் நாட்டுப் பழக்கம் வெயிலுக்குச் சரி. விழுந்தால் திறந்த முதுகைக் காப்பாற்றாது. தாப்பாவிலிருந்து மலை ஏறும்போது குளிரும் சேர்ந்து முதுகுத் தசையை இறுக்கும் என்பதால் அங்கேயாவது நேராகப் போட்டு ஜிப்பை இழுத்துவிடுங்கள். பின்பெட்டியில் எவ்வளவு ஏற்றலாம் என்பது பெட்டிக்குள் ஒட்டிய தாளில் இருக்கும். பல சிறிய பெட்டிகளுக்கு 3 கிலோ என்றே போட்டிருப்பார்கள். பலகாரப் பாத்திரம் அதில் போகாது.

ஓட்டி முடித்ததும் வரும் வலி ஓரிரு நாளில் தணிந்தால் பயமில்லை. வலி பிட்டத்திலிருந்து காலுக்கு இறங்கினாலோ, இரவில் கை மரத்துத் தூக்கம் கலைந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். முதுகு வலியோடு தொடைகளுக்கு நடுவே உணர்ச்சி மங்கினால், சிறுநீர் அடக்க முடியாமலோ கழிக்க முடியாமலோ போனால், மறுநாள் கிளினிக் திறக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்த இரவே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். காரில்.