தெளிந்த நீரும் தீங்கற்ற நீரும்



ஒளூவுக்குத் தண்ணீர் எடுக்கையில் நாம் மூன்றைக் கவனிக்கின்றோம்: நிறம், சுவை, மணம். மிகுந்த அளவுள்ள நீரில் அசுத்தத்தால் இம்மூன்றும் மாறாதிருப்பதைத் தூய்மைக்கு அடையாளமாக மார்க்கச் சட்ட வல்லுநர்கள் கொள்கின்றனர். ஆனால், ஒளூவுக்கு ஏற்ற நீரெல்லாம் பருகுவதற்கும் ஏற்றதாகிவிடுமா? தருமபுரி மாவட்டத்துக் கிணறுகள் இக்கேள்வியை நம்முன் வைக்கின்றன.

அம்மாவட்டத்தின் நிலத்தடிப் பாறைகளில் புளோரைடு அடங்கிய கனிமங்கள் உள்ளன. பாறையிடுக்குகளில் நீர் நெடுங்காலம் தங்கும்போது அது சிறுகச் சிறுகக் கரைந்து கலக்கின்றது. மழைநீர் ஊறும் திறந்த கிணற்றைவிட ஆழ்துளைக் கிணற்றிலேயே பெரும்பாலும் இது மிகுதி. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடையாதபோது 1.5 வரை அனுமதிக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. அதனினும் மிகுந்த நீரைக் குழந்தைகள் தொடர்ந்து பருகினால், முளைக்கும் நிலைப்பற்களில் பழுப்புக் கறை படிகின்றது. துலக்கினாலும் அது நீங்காது. மிக அதிக அளவைப் பல்லாண்டுகள் பருகியவர்க்கோ மூட்டுகளும் முதுகெலும்பும் இறுகி, ருகூவுக்குக் குனிவதும் ஸஜ்தாவினின்று எழுவதும் பெருந்துன்பமாகிவிடும்.

இத்தனை தீங்கு செய்யும் நீரில் நிறமும் மாறுவதில்லை, சுவையும் மாறுவதில்லை, மணமும் இல்லை. கொதிக்க வைத்தாலும் புளோரைடு போகாது. நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடவே செய்யும்.

இக்குறையைத் தீர்க்கவே ஜப்பானியக் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பெற்று, 2013-ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கப்பெற்றது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீர் வந்தது. ஆயினும் குழாயில் நீர் வராத நாளில் கைகள் நாடுவது பழைய ஆழ்துளைக் கிணற்றையன்றோ?

மறைந்த பெற்றோருக்காகக் கிணறு அமைப்பது நம்மிடையே உள்ள நல்வழக்கம். தம் அன்னைக்காகக் கிணறு தோண்டிய ஸஃது இப்னு உபாதா (ரலி) அவர்களும், மதீனாவின் ரூமா கிணற்றை விலைக்கு வாங்கி மக்களுக்கு அர்ப்பணித்த உதுமான் (ரலி) அவர்களும் நமக்கு முன்மாதிரிகள். இது ஸதகத்துல் ஜாரியா, நிலையான தர்மம். அதன் நன்மை தொடர வேண்டுமானால், அந்நீர் பருகுவோருக்குத் தீங்கு தொடரலாகாது. பிறருக்குத் தீங்கிழைக்கலாகாது என்பது மார்க்கத்தின் அடிப்படை விதியல்லவா?

ஆகவே, கிணறு அமைப்போர் அதைப் பொதுமக்களுக்கு விடுமுன், தூய பிளாஸ்டிக் புட்டியில் நீர் எடுத்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடத்தில் சோதிக்கட்டும். பள்ளிவாசல் நிர்வாகிகளும் தங்கள் கிணற்று நீரைச் சோதிக்கட்டும். புளோரைடு மிகுந்திருந்தால் கிணற்றை மூட வேண்டியதில்லை. ஒளூவுக்கும், குளிக்கவும், துவைக்கவும் அது ஆகும். "இது குடிநீர் அன்று" என்று குழாயருகே பெரிதாக எழுதி வைத்து, பருகுவதற்குக் காவிரி நீரையோ, தூய்மையாகச் சேமித்த மழைநீரையோ தனித் தொட்டியில் வையுங்கள். மக்தபுக்கு வரும் பிள்ளைகளுக்கு இவ்வேறுபாட்டை உஸ்தாதுமார்கள் எடுத்துரைக்கட்டும்.

தாகித்த பிள்ளை குழாயைத் திறக்கையில் ஆராய்ந்து பார்ப்பதில்லை. பெரியவர்கள் பார்த்திருப்பார்கள் என்று நம்பியே பருகுகின்றது. அந்த நம்பிக்கை ஓர் அமானிதம். அதனைப் பேணி நடக்கும் நல்லருளை அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.