செக்ரோல் தெரிந்தவருக்கு எக்செல் புதிதல்ல

பிள்ளைகள் கம்ப்யூட்டர் வகுப்பில் எக்செல் படிக்கிறோம் என்றால் நாம் மிரள வேண்டியதில்லை. அது நம்ம செக்ரோல் மாதிரிதான்: ஆளுக்கு ஒரு வரி, நாளுக்கு ஒரு கட்டம். பாடப்புத்தகத்தில் விரிதாள் என்பார்கள். குறுக்கே போவது நிரை. அதற்கு 1, 2, 3 என்று இலக்கம். மேலிருந்து கீழே வருவது நிரல்; அதற்கு ஏ, பி, சி. இரண்டும் சந்திக்கும் கட்டம் கலம். பி நிரலில் 2ஆம் நிரை என்றால் பி2.

1977, 1983 கலவரங்களுக்குப் பின் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறிய சொந்தங்கள் நம்மில் பலருக்கு உண்டு. அப்படி ஒரு குடும்பம் காலபோக நெல்லுக்குச் செலவு எழுதுகிறது என்று வைப்போம். பி2 முதல் பி5 வரை உழவு 18,000, விதைநெல் 12,000, பசளை 25,000, அறுவடை 20,000. பி6இல் சமன் குறி போட்டு, ஆங்கிலத்தில் ‘சம்’ என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் பி2:பி5 கொடுத்தால் 75,000 வந்துவிடும். பசளை விலை ஏறினால் அந்த ஒரு கலத்தை மாற்றினால் போதும். மொத்தம் தானாக மாறும்.

இங்கேதான் கவனம் வேணும். கலத்துக்குள் ‘25000 ரூபாய்’ என்று எழுதினால் மெசினுக்கு அது எழுத்து, இலக்கமல்ல. ஒன்றும் சொல்லாமல் அதை விட்டுவிட்டு 50,000 என்று காட்டும். செலவு குறைவென்று நம்பி நெல்லை மலிவாக விற்றால் நட்டம் யாருக்கு? இலக்கத்தை மட்டும் எழுதுங்கள். ‘ரூபாய்’ மேலே தலைப்பில் இருக்கட்டும்.

சம்பளக் கணக்கும் இப்படித்தான். ஈ.பி.எஃப்.க்கு எடுக்கும் சம்பளத்தை பி2இல் போட்டு, சி2இல் அதை 8 வீதத்தால் பெருக்கினால் (பெருக்கலுக்கு நட்சத்திரக் குறி) நம்மிடம் பிடிக்க வேண்டிய தொகை வரும். சம்பளச் சீட்டோடு ஒத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் சீட்டைக் கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.