வியாபார நிலையங்களின் குப்பை: பெங்களூர் நகரின் விதிகளும் அவற்றின் விஞ்ஞானமும்

பெங்களூர் நகரின் சிற்றுண்டிச் சாலை ஒன்றில் காலை வேளையில் இட்லியும் காப்பியும் அருந்திவிட்டுச் செல்பவர், தாம் இலையில் விட்ட எச்சில் பின்னர் எங்கே போகின்றது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. சமையலறையிலிருந்து காய்கறித் தோலும், காப்பிச் சக்கையும், மீந்த சோறும் அன்றாடம் கூடை கூடையாக வெளிவருகின்றன. ஓட்டல்கள், கலியாண மண்டபங்கள், அங்காடிகள், அலுவலகங்கள் ஆகிய யாவற்றுக்கும் இது பொருந்தும். குடும்பம் ஒன்றின் குப்பை ஒரு சிறு வாளியில் அடங்கும். வியாபார நிலையத்தின் குப்பையோ வண்டிக் கணக்கில் சேரும். ஆகவேதான் இவற்றிற்கெனத் தனி விதிகள் ஏற்பட்டன. அவ்விதிகள் யாவை, அவை எக்காரணத்தால் எழுந்தன, அவற்றின் பின்னுள்ள விஞ்ஞான உண்மை யாது என்பதை இக்கட்டுரை விளக்கும்.

கிராமங்களின் மேல் விழுந்த சுமை

நீண்ட காலமாக நகரின் குப்பை முழுவதும் ஒன்றாகக் கலந்து, லாரிகளில் ஏற்றப்பட்டு, நகருக்கு வெளியே கொட்டப்பட்டு வந்தது. வடக்கே எலகங்காவை அடுத்த மாவள்ளிபுரமும், கிழக்கே பழைய மதராஸ் சாலையை ஒட்டிய மண்டூரும் இவ்விதம் குப்பை மேடுகளைச் சுமந்த கிராமங்களாகும். கிணற்று நீர் கெட்டது என்றும், துர்நாற்றமும் ஈக்களும் வாழ்வைக் குலைத்தன என்றும் அங்குள்ள மக்கள் முறையிட்டனர். 2012 ஆம் ஆண்டில் மாவள்ளிபுரத்தில் குப்பை கொட்டுவது நின்றது. உடனே நகரின் வீதிகளில் குப்பை மலைபோல் குவிந்தது. அவ்வாண்டு அக்டோபர் 1 ஆம் தேதி முதல், குப்பையை அது உண்டாகும் இடத்திலேயே பிரித்துத் தர வேண்டுமென்று மாநகராட்சி கட்டளையிட்டது. மண்டூர் மக்கள் 2014 ஆம் ஆண்டில் கிளர்ச்சி செய்ததன் பயனாக, அவ்வாண்டு டிசம்பர் 1 ஆம் தேதியுடன் அங்கும் குப்பை கொட்டுவது முடிவுற்றது.

குப்பை மேட்டினுள் நிகழ்வது யாது?

உணவுக் கழிவில் நூற்றுக்கு 70 முதல் 80 பங்கு வரை நீரே உள்ளது. இக்கழிவு பெருங்குவியலின் அடியில் அமுங்கும்பொழுது காற்று உட்புகுவதில்லை. பிராண வாயு இன்றியே வாழக்கூடிய நுண்ணுயிர்கள் அங்கே பெருகி அதனைச் சிதைக்கின்றன. இச்சிதைவில் மீதேன் வாயு உண்டாகின்றது. இது எளிதில் தீப்பற்றும். அன்றியும், நூறு ஆண்டுக் கால அளவில் கணக்கிட்டால், சம எடையுள்ள கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பூமியின் வாயு மண்டலத்தில் தேக்கி வைக்கும் தன்மையுடையது. கழிவிலிருந்து கசியும் நீர் அமிலத் தன்மை கொண்டதாகி, உடன் கிடக்கும் மின்கலங்கள், வர்ணக் குப்பிகள் முதலியவற்றிலுள்ள உலோகங்களையும் கரைத்துக்கொண்டு நிலத்தடி நீரை அடைகின்றது. எச்சில் இலையும் மின்கலமும் தனித்தனியே இருந்தால் இரண்டையும் தீங்கின்றிக் கையாளலாம். ஒன்று சேர்ந்தால் இரண்டுமே நஞ்சாகின்றன. குப்பையைப் பிரிக்க வேண்டும் என்ற விதியின் அடிப்படை இதுவேயாகும்.

விதிகள் கூறுவன

கர்நாடக உயர்நீதிமன்றம் 2015 டிசம்பர் 17 அன்று பிறப்பித்த உத்தரவில், பெங்களூரில் ஒவ்வொருவரும் இரண்டு தொட்டிகளும் ஒரு பையும் வைத்துக் குப்பையைப் பிரிக்க வேண்டும் என்று கூறிற்று. பச்சைத் தொட்டி சமையலறைக் கழிவு முதலிய ஈரக் குப்பைக்கு உரியது. சிவப்புத் தொட்டி, உடல் தூய்மைக்குப் பயன்பட்டு எறியப்படும் பொருள்களுக்கு உரியது. காகிதம், அட்டை, பிளாஸ்டிக், உலோகம், கண்ணாடி ஆகிய உலர்ந்த பொருள்களைப் பையில் இட வேண்டும்.

மத்திய அரசு 2016 ஏப்ரல் 8 அன்று வெளியிட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகள், சராசரியாக நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்கும் இடங்களைப் பெருமளவுக் குப்பை உண்டாக்குவோர் எனத் தனியே வகுத்தன. ஓட்டலும் அங்காடியும் மட்டுமல்ல. மத்திய, மாநில அரசுகளின் அலுவலகங்கள், மருத்துவமனைகள், கல்லூரிகள், வழிபாட்டுத் தலங்கள், விளையாட்டு அரங்குகள் ஆகியவையும் இவ்வகையில் அடங்கின. மட்கக்கூடிய கழிவை இயன்றவரை தம் வளாகத்திற்குள்ளேயே எருவாகவோ எரிவாயுவாகவோ மாற்றுவதும், உலர்ந்த பொருள்களை உரிமை பெற்ற சேகரிப்பாளரிடம் ஒப்படைப்பதும் இவர்களின் கடமையாயின. நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சியை நடத்துவோர், குறைந்தது மூன்று வேலை நாட்களுக்கு முன்னரே நகராட்சிக்கு அறிவிக்க வேண்டும் என்றும் அவ்விதிகள் கூறின.

இவற்றின் இடத்தில் 2026 ஏப்ரல் 1 முதல் அமலாகும்படி புதிய மத்திய விதிகள் வகுக்கப்பட்டன. ஈரக் குப்பை, உலர்ந்த குப்பை, உடல் தூய்மைக் கழிவு, தனிக் கவனம் வேண்டும் கழிவு என நான்காகப் பிரிப்பதை இவை விதிக்கின்றன. வர்ணக் குப்பி, மின்விளக்கு, காலாவதியான மருந்து முதலியவை இறுதியில் கூறிய வகையைச் சேர்ந்தவை. பெருமளவுக் குப்பை உண்டாக்குவோரை அறிய மூன்று அளவுகோல்கள் வகுக்கப்பட்டுள்ளன: 20,000 சதுர மீட்டர் கட்டடப் பரப்பு, நாளொன்றுக்கு 40,000 லிட்டர் நீர்ச் செலவு, நாளொன்றுக்கு 100 கிலோ குப்பை. இவற்றுள் ஏதேனும் ஒன்றை எட்டினாலே போதும்.

நிர்வாகமும் மாறியுள்ளது. குப்பைப் பணிக்கென 2021 ஆம் ஆண்டில் பெங்களூரில் ஒரு தனிக் கம்பெனி நிறுவப்பட்டது. 2025 செப்டம்பரில் பழைய மாநகராட்சியின் இடத்தில் ஐந்து மாநகராட்சிகள் ஏற்பட்டன. எனினும் வியாபாரியின் கடமை மாறவில்லை.

நூறு கிலோ என்பது எவ்வளவு?

உதாரணமாக, ஒரு கலியாண மண்டபத்தில் 500 பேர் உணவருந்துவதாகக் கொள்வோம். இலையும் எச்சிலும் சமையற் கழிவும் சேர்ந்து தலைக்கு 300 கிராம் என்று வைத்தாலும், ஒரே பந்தி நாளில் 150 கிலோ சேர்ந்துவிடுகின்றது. நடுத்தரமான மண்டபமும் எத்துணை எளிதில் விதியின் எல்லையைத் தொடுகின்றது என்பதை இது காட்டும்.

இக்கழிவைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. 100 கிலோ உணவுக் கழிவில் 75 கிலோ நீர் எனக் கொண்டால், திடப் பொருள் 25 கிலோ மட்டுமே. நுண்ணுயிர்கள் அதில் ஏறத்தாழப் பாதியைக் கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் மாற்றிவிடுகின்றன. எஞ்சும் ஈரத்துடன் சேர்த்து, முடிவில் கிடைக்கும் எரு ஏறக்குறைய 20 கிலோவேயாகும். ஐந்து வண்டிகளில் செல்ல வேண்டிய சுமை ஒரு வண்டியாகச் சுருங்குகின்றது. அதுவும் நிலத்திற்கு வளமாகின்றது.

இதற்குச் சில நியமங்கள் உண்டு. கழிவில் கார்பனும் நைட்ரஜனும் ஏறத்தாழ 30க்கு 1 என்ற விகிதத்தில் அமைய வேண்டும். சமைத்த உணவில் நைட்ரஜன் மிகுதி. ஆதலின் உலர்ந்த சருகு, மரத்தூள், தேங்காய் நார்த் தூள் ஆகியவற்றைக் கலக்க வேண்டும். ஈரம் பிழிந்த துணியைப்போல் இருத்தல் நலம். அவ்வப்போது கிளறிக் காற்றோட்டம் அளித்தால் குவியலின் உஷ்ணம் 55 பாகை சென்டிகிரேடுக்கு மேல் உயர்ந்து, நோய்க் கிருமிகளையும் களை விதைகளையும் அழிக்கும். கழிவு நாறத் தொடங்கினால் காற்று போதவில்லை என்றோ, ஈரம் மிகுந்துவிட்டது என்றோ அறியலாம். இடவசதி குறைந்த ஓட்டல்களுக்கு எரிவாயுக் கலம் ஏற்றது. மூடிய கலத்தில் உண்டாகும் வாயுவில் ஏறத்தாழ 60 பங்கு மீதேன் ஆகும். மேட்டிலிருந்து வானில் கலந்து தீங்கு புரியும் அதே வாயு, கலத்தில் பிடிக்கப்பட்டால் அடுப்பில் எரிந்து அடுத்த வேளைச் சமையலுக்கு உதவுகின்றது.

நகரின் சொந்தப் பாரம்பரியம்

இக்கலை பெங்களூருக்குப் புதிதன்று. உலகெங்குமுள்ள எரு நூல்களில் பெங்களூர் முறை என்ற பெயர் இன்றும் வழங்குகின்றது. 1930களின் இறுதியில் இந்நகரின் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சி. என். ஆசார்யா வகுத்த முறை அது. நகரக் குப்பையையும் மலக் கழிவையும் குழியில் மாற்றி மாற்றிப் படுக்கைகளாகப் பரப்பி, மேலே மண் பூசி மூடிவிட்டால், கிளறாமலே ஆறு முதல் எட்டு மாதங்களில் எரு கிடைக்கும். பிளாஸ்டிக் பைகள் வழக்கில் வாராத காலமாதலின், அக்குப்பை முழுவதும் மண்ணோடு மண்ணாயிற்று. 1975 ஆம் ஆண்டில் கர்நாடக அரசு எரு உற்பத்திக்கெனவே ஒரு கார்ப்பரேஷனையும் இங்கு நிறுவியது. விஞ்ஞானம் நம்மிடம் இருந்தது. குப்பையின் இயல்பே மாறிவிட்டது.

விதியைக் காப்பது யார்?

பல நிலையங்கள் தம் குப்பையை ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, கடமை முடிந்ததாகக் கருதுகின்றன. பிரிக்காத குப்பையைக் குறைந்த கூலிக்கு எடுத்துச் செல்ல ஆள் கிடைக்கலாம். ஆனால் அது ஏரிக்கரையிலோ காலி மனையிலோ கொட்டப்படுமாயின், மாவள்ளிபுரத்தின் கதை வேறோர் இடத்தில் மீண்டும் தொடங்குகின்றது. ஆகவே குப்பை எங்கே சென்று சேர்கின்றது என்று கேட்டறிவதும், எடைக் கணக்கை எழுதி வைப்பதும் நிலையத்தாரின் பொறுப்பாகும்.

மற்றொன்றும் கருதத்தக்கது. கலந்த குப்பையைப் பிரிக்கும் வேலை முடிவில் பௌரகார்மிகர் அல்லது குப்பை பொறுக்குவோரின் வெறுங்கைக்கே வந்து சேர்கின்றது. உடைந்த கண்ணாடியும் ஊசியும் அழுகிய சோற்றில் மறைந்திருக்கும்பொழுது அபாயம் அவருடையது. சமையலறையில் ஒருவர் ஒரு கணம் செலவிட்டு உரிய தொட்டியில் இடுவதால் அவ்வபாயம் முற்றும் நீங்குகின்றது. விதியின் நோக்கம் அபராதம் வசூலிப்பதன்று. நகரத்தார் உண்ட உணவின் எச்சம், அதில் ஒரு கவளமும் உண்ணாத கிராமத்தாரின் கிணற்றைச் சென்று சேராதிருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கமாகும்.